உசத்திக் கேபிள்

கம்பியைப் பற்றித் தர்மலிங்கத்துக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. டெலிபோன் இலாகாவில் தலை நரைக்கும் வரைக்கும் கம்பியோடு கம்பியாகக் கிடந்த மனுஷன். ஐப்பசி மழையில் ரோட்டோரக் குழிக்குள் இறங்கி, ஜாயிண்ட் போடுகிற ஆட்களோடு முழங்கால் தண்ணீரில் நின்றவர். இந்த முனையில் போட்டதை அந்த முனையில் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான் கம்பி. வழியில் கொஞ்சம் தொலைக்கும், கொஞ்சம் இரைச்சலைச் சேர்த்துக்கொள்ளும். ஆனால் இங்கே யாரும் பேசாத பேச்சை அங்கே கேட்க வைக்கிற கம்பியை இந்த உலகத்தில் இன்னும் எவனும் செய்யவில்லை. அதிலும் இப்போது வருகிற படக் கம்பியெல்லாம் டிஜிட்டல் சமாசாரம். வந்தால் முழுசாக வரும், கெட்டால் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும், இல்லையென்றால் திரை கறுத்துப்போகும். நல்ல கம்பி போட்டால் மூக்கும் முழியும் திருத்தமாக வரும் என்கிற கதையே கிடையாது. இவ்வளவும் தெரிந்த ஆள்தான் தில்லைநகரில் ஒரு கடையின் மாடியில், சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சுப் பலகை ஒட்டிய அறையில், சாய்ந்தால் கால் தானாக மேலே தூக்கிக்கொள்கிற நாற்காலியில் உட்கார்ந்து, கடைக்காரர் ஜெரால்டு சொல்வதற்கெல்லாம் கோயில் மாடு மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஜெரால்டுக்கு நாற்பது வயசு இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை, தணிந்த குரல், டாக்டர்கள் வயிற்றை அமுக்கிப் பார்த்தபடி பேசுவார்களே அந்தப் பேச்சு. பிளேயரையும் டிவியையும் இணைக்கிற கேபிளைத் துணிப் பையிலிருந்து எடுத்து இரண்டு கையிலும் தாங்கிக் காட்டினார். பெண்பிள்ளையின் பின்னல் மாதிரி கனமாக, முறுக்காக இருந்தது. உள்ளே ஆக்ஸிஜன் எடுத்த செம்பாம், அதன்மேல் வெள்ளிப் பூச்சாம், முனைக்குத் தங்க முலாமாம். கறுப்பு கறுப்பாகவே தெரியும் சார், தோலெல்லாம் தோலாகவே தெரியும் சார் என்றார். விலையைக் கேட்டபோது தர்மலிங்கத்துக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்தக் காசுக்கு இன்னொரு டிவியே வாங்கிவிடலாம். யாரிடமய்யா விடுகிறாய் இந்தக் கதையை என்று உள்ளே இருந்த பழைய டெலிபோன்காரர் கேட்டார். வாயை மூடு என்று அவரிடமே சொல்லிவிட்டு, போட்டுக் காட்டுங்களேன் என்றார் ஜெரால்டிடம். வீட்டு வீடியோ ஒன்று, பென் டிரைவில் இருக்கிறது, கொஞ்சம் மங்கல் என்று மட்டும் சொல்லியிருந்தார். கல்யாண வீடியோவா சார் என்று ஜெரால்டு கேட்டதற்கு, அது மாதிரிதான் என்று சொல்லிவிட்டார். வேறு என்ன சொல்ல.

கதவைச் சாத்தியதும் அறையில் சத்தம் செத்துப்போனது. வெளியே பஸ்ஸும் ஆட்டோவும் பிளிறிக்கொண்டிருந்த ரோடு எங்கே போனதென்றே தெரியவில்லை. தான் எச்சில் விழுங்குவது தனக்கே கேட்டது. காதுக்குள் உய்யென்று ஒரு ஓட்டம், அது ரத்தம் ஓடுகிற சத்தம் என்று எங்கேயோ படித்திருக்கிறார், ஆனாலும் தண்ணீர் மாதிரியேதான் இருந்தது, ஆடி மாதத் தண்ணீர், இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு, பாலத்துத் தூண்களில் மோதித் திரும்பாமல் வழுக்கிக்கொண்டு போன தண்ணீர். அன்றைக்குப் பாலத்து நடைபாதை ஓரத்தில் மகன் சேந்தனின் வண்டி நின்றது. ஹெல்மெட் கண்ணாடியில் மாட்டியிருந்தது. நடு ஸ்டாண்டு போட்டிருந்தது. அந்த நடு ஸ்டாண்டில்தான் தர்மலிங்கத்தின் மனசு அன்றைக்குக் காலை வைத்தது, இன்றைக்கு வரைக்கும் எடுக்க முடியவில்லை. சும்மா நின்று ஆற்றைப் பார்த்துவிட்டுப் போகிறவன் சைடு ஸ்டாண்டு போடுவான். காலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். நடு ஸ்டாண்டு என்றால் இறங்கி, பிடியைப் பிடித்து, கால் கொடுத்து, வண்டியை இழுத்து ஏற்ற வேண்டும். திரும்பி வர நேரமாகும் என்று தெரிந்தவன் செய்கிற வேலை அது. அப்படியானால். ஆனால் ரயில் ஏறப் போகிறவனும் நடு ஸ்டாண்டுதானே போடுவான், அவனும் திரும்பி வர நேரமாகும் என்று தெரிந்தவன்தானே. ரயில் ஏறப் போகிறவன் வண்டியைப் பாலத்தில் ஏன் விடுகிறான், ஸ்டேஷனில் விட வேண்டியதுதானே. ஸ்டேஷனில் விட்டால் தேடி வந்துவிடுவார்கள் என்று பாலத்தில் விட்டிருக்கலாம். பாலத்தில் விட்டால் ஆற்றில் தேடுவார்கள் என்று அவனுக்குத் தெரியாதா, பெற்றவர்களை அந்தத் தண்ணீர் ஓரத்தில் நிறுத்துகிற பிள்ளையா அவன். இல்லை. அப்படியானால். இப்படியே சுற்றிச் சுற்றி வந்து மறுபடியும் அந்த இரும்புக் காலிலேயே தட்டிக்கொண்டு நிற்பார். சண்டை என்று ஒன்று இருந்திருந்தால்கூடத் தேவலை, பிடித்துக்கொள்ள ஒரு காரணம் இருக்கும். ஒன்றுமே இல்லை. பெங்களூரில் பார்த்த வேலை போய் வீட்டோடு இருந்தான், பேச்சு குறைந்திருந்தது, சோறு குறைந்திருந்தது, வேறு வேலை கிடைத்தால் சரியாகிவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அன்றைக்கு வெளியே கிளம்பினவனிடம், ரிமோட்டுக்கு ரெண்டு பேட்டரி வாங்கிட்டு வாடா என்றார். சரிப்பா என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

ஆற்றில் தேடினார்கள். முக்கொம்பிலிருந்து கல்லணை வரைக்கும் சொல்லி வைத்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. வெள்ளத்தில் கிடைக்காமலும் போகும் என்று சொன்னவர்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்கள். அப்புறந்தான் அந்தப் படம் வந்தது. பாலத்தில் வண்டி நின்ற மறுநாள் காலையில், விழுப்புரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்துக் கேமராவில் ஒரு பையன். சாம்பல் கலர் சட்டை, வலது தோளில் ஒரு பை. டீக்கடைத் தூணுக்குப் பின்னாலிருந்து வருகிறான், நாலு எட்டு நடக்கிறான், வண்டி நேரம் காட்டுகிற பலகையை அண்ணாந்து ஒரு கணம் பார்க்கிறான், அப்படியே நடந்து படத்தின் ஓரத்தில் மறைந்துவிடுகிறான். முகம் என்று சொன்னால் முகம். எண்ணினால் எண்ணிவிடக்கூடிய சில சாம்பல் கட்டங்கள், அதற்குமேல் ஒன்றும் இல்லை. அவன்தான் என்றால் பாலத்துக்கு அப்புறமும் சேந்தன் உயிரோடு இருந்தான், இன்றைக்கும் எங்கேயோ இருக்கிறான், யாரோ ஒரு மகராசி அவனுக்குச் சோறு போடுகிறாள். அவன் இல்லை என்றால் பாலத்தோடு சரி. இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர், நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார். தர்மலிங்கம் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தார். மனைவி மங்கையர்க்கரசி ஒரே ஒரு தடவை பார்த்தாள். அவன்தான் என்றாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து வெளியே போய் நின்றாள். அவ்வளவு சீக்கிரமாகவா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. பெற்றவளுக்குத் தெரியும் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். பெற்றவளுக்குத் தெரியும், சரி, அப்பனுக்கு ஏன் தெரியவில்லை. அதுதான் அவரைத் தின்றது. பென் டிரைவில் ஒரு பிரதி வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டு டிவியில் போட்டார். டிவி பழசு, அதனால்தான் தெரியவில்லை என்று பெரிசாக ஒன்று வாங்கினார். கட்டங்களும் பெரிசாயின. அதைவிடப் பெரிசு வாங்கினார், சுவரில் பாதி போனது, சாம்பல் கட்டம் ஒவ்வொன்றும் ஓட்டு வில்லை மாதிரி வந்து நின்றது. பிளேயரை மாற்றினார். கண்ணில் புரை எடுக்கிறபோது சாதா லென்ஸா உசத்தி லென்ஸா என்று டாக்டர் கேட்டதற்கு, டிவி நல்லாத் தெரியற லென்ஸா வையுங்க என்றார், டாக்டர் சிரித்தார். ஒவ்வொரு தடவையும் மங்கையைக் கூப்பிடுவார், இப்ப வந்து பாரேன் என்று. அவள் அடுப்படியிலிருந்தே, அதான் அன்னைக்கே சொல்லிட்டேனே அவன்தான்னு, என்பாள். உட்கார்ந்து பார்த்ததில்லை. மகனை நேரில் பார்க்கிற மாதிரி இருக்கும், தாங்க மாட்டாள் போல என்று நினைத்துக்கொள்வார். ராத்திரி அவள் நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்து வயிறு எரிந்ததும் உண்டு. நம்பிக்கை உள்ளவள் தூங்குகிறாள் என்று.

இத்தனை நாளும் சுற்றினதுபோல இன்னும் சுற்றிக்கொண்டே இருந்திருப்பார். ஆனால் மகள் வடிவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. சேந்தனுக்கு இளையவள், அண்ணன் அண்ணன் என்று காலைச் சுற்றினவள். பத்திரிகை அடிக்க வேண்டும். அங்கேதான் வந்து மாட்டிக்கொண்டது. பத்திரிகையில் சேந்தன் பெயரை எங்கே போடுவது. உயிரோடு இருக்கிற அண்ணன் என்றால் கீழே போட வேண்டும், தங்கள் நல்வரவை விரும்பும் என்று சித்தப்பா மாமா பெயரெல்லாம் வருமே, அந்த வரிசையில். போய்ச் சேர்ந்தவர் என்றால் மேலே, பிள்ளையார் சுழிக்கும் குலதெய்வத்துக்கும் அடுத்தபடி, தெய்வத்திரு இன்னார் நல்லாசியுடன் என்று. ஒரே அட்டைதான். மேலே என்றால் ஒன்று, கீழே என்றால் ஒன்று. கரூர்ச் சம்பந்தி ரொம்பப் பதவிசான மனுஷர். பேரையே விட்டுட்டா யாருக்கும் கேள்வி வராதுங்களே, எங்க சனம் ஒரு மாதிரி, ஆளாளுக்கு ஒண்ணு கேக்கும் என்று இழுத்தார். தர்மலிங்கம் அதற்கு மட்டும் பட்டென்று, பேரு இல்லாம பத்திரிகை அடிக்க மாட்டேன் என்றுவிட்டார். சொன்னது சரி, எங்கே என்று யார் சொல்வது. பிரஸ்காரர் இன்றைக்குச் சாயங்காலம் மெஷினில் ஏற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டார், முகூர்த்த நாள் நெருக்கம், அவருக்கு இருபது பத்திரிகை கையில் இருக்கிறது. மங்கையும் வடிவும் பிரஸ்ஸுக்குப் புரூஃப் பார்க்கப் போயிருக்கிறார்கள். கிளம்பும்போது அவள் ஒரு தடவை நின்று பார்த்தாள். நல்ல சாமானில் ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்துட்டுப் போன் பண்றேன் என்றார். சரிங்க என்றாள். அவளைப் பொறுத்தவரைக்கும் கீழேதான், அதில் சந்தேகமே இல்லை, அவன்தான் என்று சொன்னவள் அவள். அவர் சரி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அதற்குத்தான் காத்திருக்கிறாள். அந்த ஒரு வார்த்தையை அவரால் சொல்ல முடியவில்லை. தெரியாமல் கீழே போட்டுவிட்டு, மண்டபத்தில் அத்தனை பேர் கையிலும் அந்த அட்டை இருக்க, பையன் எங்கே காணோம் என்று ஒருத்தர் கேட்டால் என்ன சொல்வது. தெரியாமல் மேலே போட்டுவிட்டு, தாலி கட்டுகிற நேரத்துக்குக் கசங்கின சட்டையோடு வாசலில் வந்து அவன் நின்றால். அப்பா நான் செத்துட்டேனாப்பா என்று கேட்டால். அந்தக் குரல் பஞ்சுச் சுவர் அறையில் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்த மாதிரி இருந்தது. தர்மலிங்கம் திரும்பிப் பார்த்தார். பக்கத்து நாற்காலி காலியாக, காலைத் தூக்கிக்கொண்டு கிடந்தது.

ஜெரால்டு டிவிக்குக் கீழே இருந்த ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினார். இதில் ரெண்டு கேபிளும் மாட்டியிருக்கு சார், பட்டனில் ஒண்ணு சாதா, ரெண்டு உசத்தி, விளக்கு எரியறதை வச்சுத் தெரிஞ்சுக்கலாம், மொதல்ல சாதாவுல பார்ப்போம் என்றார். பென் டிரைவைச் செருகினார். திரையில் விழுப்புரம் வந்தது. தூண். டீக்கடை வாசலில் ஒரு பெஞ்சு. ஒரு நாய் படுத்திருக்கிறது என்று தர்மலிங்கம் வெகுநாள் நினைத்திருந்தார், போன டிவியில்தான் அது சாக்கு மூட்டை என்று தெரிந்தது. பையன் வந்தான். நாலு எட்டு. அண்ணாந்தான். நடந்து மறைந்தான். கேமரா பக்கமே திரும்ப மாட்டான், ஒரு தடவைகூடத் திரும்பினதில்லை, எத்தனை தடவை போட்டாலும் திரும்பாமலே போகிற பிள்ளை. வீட்டில் இருக்கிற அதே கட்டங்கள்தான் இங்கேயும். கல்யாண வீடியோ இல்லை என்று ஜெரால்டுக்குப் புரிந்திருக்கும். இப்ப ரெண்டாம் நம்பர் போடறேன் சார், ரிலாக்ஸா உக்காந்து பாருங்க, கண்ணைக் கொஞ்சம் மூடித் தொறந்தீங்கன்னா நல்லது என்றார். தர்மலிங்கம் கண்ணை மூடினார். இதுதான் கடைசி. டிவியை மாற்றியாயிற்று, பிளேயரை மாற்றியாயிற்று, கண்ணையே மாற்றியாயிற்று, நடுவில் பாக்கி இருந்தது இந்தக் கம்பி ஒன்றுதான். இத்தனை நாளும் இந்தக் கடை வாசலைத் தாண்டித் தாண்டிப் போனதும் அதனால்தானோ. கம்பி மோசம் என்று ஒரு சாக்கு இருக்கிற வரைக்கும் அந்தப் பையன் சேந்தனாக இருக்க இடம் இருந்தது. உலகத்திலேயே உசத்தியான கம்பியைப் போட்டும் தெரியவில்லை என்றால் அப்புறம் எதன் தலையில் பழியைப் போடுவது. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தார். நாற்காலி காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. வெளியே யாரோ கூப்பிட, ஒரு நிமிஷம் சார், ஓடிக்கிட்டிருக்கு, பாருங்க என்று சொல்லிவிட்டு ஜெரால்டு கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

கண்ணைத் திறந்தார். படம் ஓடத் தொடங்கியிருந்தது. தூணைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, வேறே மாதிரி இருக்கிறது. தூணில் ஒட்டியிருந்த நோட்டீஸின் கிழிசல் தெரிந்தது. பெஞ்சு மரம் மரமாக இருந்தது. அடப்பாவி, தோலெல்லாம் தோலாகத் தெரியும் என்று அந்த மனுஷன் சொன்னது நிஜந்தானா, டெலிபோன் இலாகாவில் படித்ததெல்லாம் பழங்கதையாகிவிட்டதா. பையன் வந்தான். சாம்பல் சட்டை இல்லை அது, நீலத்தில் மெல்லிசாகக் கோடு போட்டது, தீபாவளிக்கு எடுத்தது, காலர் கொஞ்சம் நைந்தது. இடது தோள் அவனுக்கு இருக்கிற மாதிரியே ஒரு பொட்டு இறங்கியிருந்தது. பின்கழுத்தில் கையை வைத்தான். ஐயோ, அந்தக் கை. கணக்கு வராவிட்டால் பின்கழுத்தைச் சொறிவான், சொறியாதடா புண்ணாயிடும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார். அண்ணாந்து பலகையைப் பார்த்தபோது உதடு லேசாகப் பிரிந்தது, படிக்கும்போது அவனுக்கு உதடு பிரியும், சின்ன வயசிலிருந்து அப்படித்தான். புருவத்துக்குக் கீழே அம்மைத் தழும்பு. அம்மை போட்டு வேப்பிலைப் படுக்கையில் கிடந்தபோது ஒன்றைக் கிள்ளிவிட்டான், அது மட்டும் ஆறாத பள்ளமாக நின்றுவிட்டது, அந்தப் பள்ளம் அங்கே இருந்தது. தர்மலிங்கம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். நீதானா. நீதானேடா. நாலாவது எட்டில் அவன் நின்றான். நின்று, மெதுவாக, கேமராவின் பக்கம் திரும்பினான். நேராகப் பார்த்தான். கோபம் இல்லை, வருத்தம் இல்லை, கடையில் பேட்டரி இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிற பார்வை. அவர் வாய் திறந்து கூப்பிட்டார், சத்தம் வரவில்லை, வந்திருந்தாலும் அந்தப் பஞ்சுச் சுவர் தின்றிருக்கும். அவன் நடந்து படத்தின் ஓரத்தில் மறைந்தான். திரை உறைந்து நின்றது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தர்மலிங்கத்துக்கே தெரியவில்லை. மங்கை, நீ சொன்னதுதான் சரி. நீ ஒரே பார்வையில் கண்டதைக் காண எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று, நான் ஒரு மடையன். கீழே போடு. சித்தப்பா பெயருக்கெல்லாம் முன்னால், முதல் பெயராகப் போடு. பையிலிருந்து போனை எடுத்தார், அவசரத்தில் அது காலடியில் விழுந்து கம்பளத்தில் புதைந்தது. குனிந்து தேடிக்கொண்டிருந்தபோதுதான் ஜெரால்டு உள்ளே வந்தார்.

வந்தவர் பெட்டியைப் பார்த்தார். பார்த்துவிட்டு நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. பட்டன் சரியா அமுங்கலை. இது ஒண்ணாம் நம்பர்லயேதான் ஓடியிருக்கு."

தர்மலிங்கம் குனிந்தபடியே இருந்தார். பெட்டியில் ஒன்றுக்கு நேராகச் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. போன் கையில் அகப்பட்டது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

"நீங்க எதாவது வித்தியாசம் பார்த்தீங்களா சார்?" என்று ஜெரால்டு கேட்டார். வியாபாரக் குரலில் கேட்கவில்லை.

"பார்த்தேன்" என்றார் தர்மலிங்கம்.

இந்த அறையில் எத்தனையோ பேர் இப்படிப் பார்த்திருப்பார்கள். கறுப்பு கறுப்பாகத் தெரிகிறது என்று சொல்லி, பெட்டியில் எந்த விளக்கு எரிகிறது என்று குனிந்து பாராமல், துணிப் பையோடு கேபிளை வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போயிருப்பார்கள். தர்மலிங்கத்துக்கு அந்த மனுஷன்மேல் கோபமே வரவில்லை. எது எங்கே போயிற்று என்றுதான் தேடிக்கொண்டிருந்தார். நைந்த காலர் எங்கே. தீபாவளிச் சட்டை அவன் பீரோவிலேயே மடித்தபடி இருக்கிறது, அவரே எத்தனையோ தடவை எடுத்து முகர்ந்து பார்த்து வைத்திருக்கிறார், பீரோவில் இருக்கிற சட்டையைப் பிளாட்பாரத்தில் எப்படிப் பார்த்தார். தழும்பு எங்கே. முகம் முழுக்க எண்ணினாலே கொஞ்சம் கட்டந்தான், அதில் ஒரு புருவத்துக்குக் கீழே ஒரு பள்ளம் எந்தக் கட்டத்தில் உட்காரும். அவன் திரும்பிப் பார்த்தானே. திரும்பவே திரும்பாத படத்தில் யார் திரும்பினது. ஒரு வேளை இப்போதுதான் திரும்பினானோ, எங்கேயோ இருந்து இந்த நிமிஷத்தில், அப்பன் படும் பாட்டைப் பார்த்து. இரண்டு முனைக்கு நடுவில் கம்பியே இல்லாமல் பேச்சுக் கேட்கும் என்று டெலிபோன்காரன் நம்பலாமா. நம்பலாம், ஏன் நம்பக் கூடாது. பார்த்தது பார்த்ததுதான். எந்தக் கேபிளில் பார்த்தால் என்ன, சாதாக் கேபிளில் பார்த்த மகன் மகன் இல்லையா. அவர் பார்த்தேன் என்றுதான் சொல்லப் போகிறார், அதில் பொய் ஒரு குந்துமணிகூட இல்லை. அவள் கேட்கிறபோது எந்த நம்பர் எரிந்தது என்றா கேட்கப் போகிறாள். கீழே போடு என்று சொல்லிவிடலாம், ஆளுக்கொரு கேள்வி கேட்கட்டும், வெளியூரில் இருக்கிறான், லீவு கிடைக்கவில்லை என்று மண்டபம் முழுக்கச் சொல்லிக்கொண்டே திரியலாம், வாழ்நாள் முழுக்கச் சொல்லலாம். நினைத்து முடிப்பதற்குள் கையிலேயே போன் நடுங்கியது. மங்கைதான்.

பிரஸ்ஸில் மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் அவள் குரல் சின்னதாகக் கேட்டது. சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். வடிவு பக்கத்துக் கடைக்குப் போயிருக்கிறாள், நான் மட்டுந்தான் இருக்கிறேன் என்றாள். அவர் அவசரமாகச் சொல்ல ஆரம்பித்தார். மங்கை, நான் பார்த்துட்டேன், நல்லாவே பார்த்துட்டேன், நீ சொன்ன மாதிரி.

"மேல போடச் சொல்லிட்டேங்க" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. கீழே என்பதைத்தான் பதற்றத்தில் மாற்றிச் சொல்கிறாளோ என்று நினைத்தார். மேலேயா என்று கேட்டார். ஆமாம், மேலே, பிரஸ்காரங்க எழுதிக் கேட்டாங்க, நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன் என்றாள். மெஷின் நின்று மறுபடி ஓடியது.

"நீதானே அவன்தான்னு சொன்ன" என்றார். குழந்தை மாதிரி இருந்தது அவர் குரல்.

"சொன்னேன். சொல்லாம இருந்திருந்தா அன்னைக்கு அந்த நாற்காலியை விட்டு எந்திரிச்சிருக்க மாட்டீங்க. அப்புறம் அதையே பிடிச்சுக்கிட்டீங்க, அதை உங்ககிட்டேருந்து எடுக்க எனக்கு மனசு வரலை." மெஷினை விட்டுத் தள்ளி வந்தாள் போல, குரல் தெளிவாகக் கேட்டது. "என் புள்ளை நடை எனக்குத் தெரியாதாங்க. பார்த்த அன்னைக்கே தெரியும். அது அவன் இல்லை."

தர்மலிங்கம் போனைக் காதில் வைத்தபடி நின்றார். அத்தனை வருஷமும் அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்காததற்கும், நிம்மதியாகத் தூங்குகிறாள் என்று இவர் நினைத்துக்கொண்டதற்கும் இப்போது வேறு அர்த்தம் வந்து நின்றது. இவர் டிவிமேல் டிவியாக வாங்கி மாட்டினபோதெல்லாம் ஒருத்தி சுவருக்கு அந்தப்பக்கம் தனியாக இழவு காத்திருக்கிறாள். அவள்மேல் எரிச்சல் வரவில்லை. நானும் வரட்டுமா பிரஸ்ஸுக்கு என்று மட்டும் கேட்டார். வாங்க, வந்து ஒரு தடவை பேரைச் சரியா போட்டிருக்காங்களான்னு பாருங்க, எனக்குக் கண்ணு தெரியலை என்றாள். சரி என்றார். போனை வைத்த பிறகும் அந்த மெஷின் சத்தம் காதில் ஓடிக்கொண்டேயிருந்தது.

ஜெரால்டு கதவோரத்திலேயே நின்றிருந்தார். வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன் சார், வாங்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை என்றார். இல்லை, ரெண்டாம் நம்பரில் ஒரு தடவை போடுங்கள் என்றார் தர்மலிங்கம். பட்டன் அமுங்கியது. விளக்கு மாறியது. அதே தூண், அதே பெஞ்சு, ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. சாம்பல் சட்டைக்காரன் வந்தான். இடது தோள் இறங்கவில்லை, கழுத்தில் கை வைக்கவில்லை. பை கனம் போல, அதனால்தான் கொஞ்சம் சாய்ந்து நடக்கிறான், ராத்திரியெல்லாம் பஸ்ஸிலோ எதிலோ வந்திருப்பான், காலை இழுத்து இழுத்து வைக்கிறான், பசியாகக்கூட இருக்கலாம். இத்தனை வருஷத்தில் அவனை அவனாகத் தர்மலிங்கம் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பலகையை அண்ணாந்து பார்த்தான். அவன் வண்டி வந்துவிட்டது போல, நடை ஒரு சுற்று வேகமானது. ஓரத்தில் மறைந்தான்.

"யார் சார் அது, உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்று ஜெரால்டு மெதுவாகக் கேட்டார்.

"தெரியலைங்க" என்றார் தர்மலிங்கம். "யார் பெத்த பிள்ளையோ. வீடு போய்ச் சேந்திருப்பான்."

அதைச் சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. ஜெரால்டு படத்தை நிறுத்திவிட்டு, விளக்கைப் போடாமல், கதவை அவருக்காக லேசாகச் சாத்திவிட்டுப் போனார்.